கிட்டார் பழகுகிறவர்கள் முதல் பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிட்டார் வாங்குகிற பலருக்கும் மனசில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கும். அந்த ஒரு பாட்டை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியவர்களும் உண்டு. யூடியூபில் அந்தப் பாட்டுக்கான பாடத்தைத் தேடிப் பிடித்து உடனே உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பல்லவியோடு அது நின்றுபோகும். "நமக்கு வராது போல" என்று முடிவு கட்டி, கிட்டாரைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். கையில் குறை ஒன்றும் இருக்காது. அந்தக் கை இருந்த நிலைக்குப் பொருந்தாத பாட்டை எடுத்ததுதான் சிக்கல்.

இந்தக் கட்டுரை அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டு பிடித்து, கூடவே பாடவும் ஆசைப்படுகிறவர்களுக்கானது. மூன்று சுரங்களோ அதற்கு மேலோ ஒன்றாக ஒலித்தால் அது கார்டு. இடது கை கம்பிகளை அழுத்திக் கார்டைப் பிடிக்கிறது, வலது கை கம்பிகளை மொத்தமாக மீட்டுகிறது. அந்த மீட்டலுக்கு ஸ்ட்ரம்மிங் என்று பெயர். ஜி, சி, டி, ஏ மைனர், ஈ மைனர் என்று ஐந்தாறு கார்டு ஓரளவு பிடிக்க வந்துவிட்டது, இனி எந்தப் பாட்டை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

மாற்றங்களை எண்ணுங்கள்

எளிய பாட்டு எது என்று கேட்டால், "மூணே கார்டுதான், ஈஸி" என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது பாதிதான் உண்மை. ஒரு கார்டைப் பிடிக்க ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தப்பாமல் மாறுவதுதான் மாதக்கணக்கில் எடுக்கும் வேலை. அதனால் ஒரு பாட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கை மாற வேண்டியிருக்கிறது என்பது.

கணக்கு சுலபம். டெம்போ என்பது ஒரு நிமிடத்தில் விழும் தட்டுகளின் எண்ணிக்கை. ஒரு கார்டு எத்தனை தட்டுக்கு நிற்கிறதோ அந்த எண்ணால் டெம்போவை வகுத்தால் போதும். டெம்போ 120 உள்ள துள்ளலான பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டுத் தட்டுக்கு ஒருமுறைதான் கார்டு மாறுகிறது என்றால் நிமிடத்துக்கு 15 மாற்றம். டெம்போ 70 உள்ள மெலடி ஒன்றில் இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்றால் நிமிடத்துக்கு 35 மாற்றம். காதுக்கு நிதானமாகக் கேட்கும் இரண்டாவது பாட்டு, கைக்கு முதல் பாட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேலை வைக்கிறது. மெலடி என்றால் எளிது, வேகப் பாட்டு என்றால் கடினம் என்ற நினைப்பில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாட்டுக்கு ஓர் எண் கிடைத்த மாதிரி உங்கள் கைக்கும் ஓர் எண் வேண்டும். மொபைலில் ஒரு நிமிடம் டைமர் வையுங்கள். ஜி, டி, ஜி, டி என்று மாறி மாறிப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் ஒருமுறை மீட்டி எண்ணுங்கள். கம்பி ஒன்றிரண்டு டப்பென்று அடைத்துக்கொண்டு ஒலித்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். முப்பது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு முப்பது மாற்றம் உள்ள பாட்டை எடுக்கலாமா? வேண்டாம். வெறுமனே மாறுவது வேறு, பாடிக்கொண்டே மாறுவது வேறு. பாட ஆரம்பித்ததும் கவனம் வாய்க்குப் போய்விடும், கை தடுமாறும். இருபதுக்குள் இருக்கும் பாட்டாக எடுங்கள். கையின் எண் ஏற ஏற, பாட்டின் எண்ணையும் ஏற்றிக்கொண்டே போகலாம்.

உலகம் முழுவதும் கிட்டார் வகுப்புகளில் ஆரம்பத்திலேயே வந்துவிடும் ஒரு பாட்டு, பாப் டிலன் 1973-இல் ஒரு படத்துக்காக எழுதிய 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்'. ஜி இரண்டு தட்டு, டி இரண்டு தட்டு, ஏ மைனர் நான்கு தட்டு. அடுத்த சுற்றில் ஏ மைனருக்குப் பதில் சி. எட்டுத் தட்டுக்கு மூன்று மாற்றம். டெம்போ ஏறக்குறைய 70, எனவே நிமிடத்துக்குச் சுமார் 26 மாற்றம். எண்ணாகப் பார்த்தால் புதியவருக்குக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் கை தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி நான்கு தட்டு முழுக்க ஒரே கார்டில் நிற்கிறது. அந்த நான்கு தட்டில் விரல் இளைப்பாறி, அடுத்த ஜி-க்குத் தயாராகிவிடும். பாட்டைத் தேடும்போது இப்படிக் கைக்கு மூச்சு விட இடம் கொடுக்கிற பாட்டாகப் பாருங்கள். ஒரே சீராக மாறிக்கொண்டே இருக்கும் பாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

எதிலிருந்து எதற்கு?

எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை. ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு விரல்களைப் பாருங்கள். கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்; கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃபிரெட், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட், மோதிர விரல் மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட். இப்போது மோதிர விரலை மட்டும் தூக்கி ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வையுங்கள். சி கார்டு வந்துவிட்டது. மற்ற இரண்டு விரலும் அசையவே இல்லை. ஏ மைனரும் சி-யும் அடுத்தடுத்து வருகிற பாட்டு கிடைத்தால், அது உங்களுக்கு உதவுகிற பாட்டு.

ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்குப் போவதும் இப்படித்தான். மூன்று விரலும் அதே வடிவத்தில் ஒரு கம்பி மேலே, தடித்த கம்பியின் பக்கம் ஏறினால் போதும். ஜி கார்டை நான்கு விரலால், மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசி இரண்டு மெல்லிய கம்பிகளின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும்படி பிடிக்கப் பழகினால் இன்னொரு வசதி கிடைக்கும். அந்த இரண்டு விரலையும் எடுக்காமலே, மற்ற இரண்டை மட்டும் ஒரு கம்பி கீழே இறக்கினால் சி ஆட் நைன் என்ற கார்டு. பாட்டுத் தாளில் சி என்று போட்டிருக்கும் பெரும்பாலான இடங்களில் இதை வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் திறந்த, மினுங்கலான சத்தம் வரும். எனக்கு அது சாதாரண சி-யைவிடப் பிடிக்கும்.

மறுபக்கம் எஃப். ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் முதல் ஃபிரெட்டில் அழுத்த வேண்டிய பார் கார்டு இது. முதல் ஃபிரெட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைத் தாங்கும் நட் இருப்பதால், அங்கே கம்பி விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்கள், எளிதாகத் தெரியும். ஆக, எஃப் வரவில்லை என்று மனம் தளர ஒன்றுமில்லை. அதற்குக் கொஞ்ச காலம் ஆகும், அவ்வளவுதான். அதுவரை எஃப் மேஜர் செவன் வைத்துச் சமாளிக்கலாம். சி கார்டில் ஆள்காட்டி விரல் அப்படியே இருக்க, மோதிர விரலையும் நடுவிரலையும் ஒரு கம்பி கீழே இறக்கினால் அது வந்துவிடும். ஐந்தாம் ஆறாம் கம்பிகளை மீட்டாதீர்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஆரம்பத்தில் ஜி ஸ்கேலில், அதாவது ஜி-யைச் சட்ஜமாக வைத்து அமைந்த பாட்டுகளைத் தேடுவது புத்திசாலித்தனம். ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் எல்லாமே திறந்த கார்டுகள், அதாவது சில கம்பிகளை அழுத்தாமலே விட்டுப் பிடிப்பவை. தொல்லை தரக்கூடியது பி மைனர் ஒன்றுதான், அது எல்லாப் பாட்டிலும் வராது. சி ஸ்கேல் தாளில் பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் இரண்டு வரிக்கு ஒருமுறை எஃப் வந்து நிற்கும்.

பிறந்தநாள் பாட்டு

யாருமே பாட்டாகக் கணக்கில் எடுக்காத ஒரு பாட்டை முதலில் பழகச் சொல்வேன். 'ஹேப்பி பர்த்டே' தான் அது. வீட்டில் கிட்டார் இருந்தால் கேக் வெட்டும்போது உங்களைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள். தவிர, ஒரு பாட்டை எப்படி அலசுவது என்று பழக இதைவிடக் கச்சிதமான ஒன்று கிடைக்காது.

தாளம் மூன்று தட்டு. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. முதல் தட்டில் கீழ்நோக்கிக் கொஞ்சம் அழுத்தி, மற்ற இரண்டில் லேசாக மீட்டினால் போதும். 'ஹேப்பி' என்ற சொல் தாளத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். 'பர்த்' என்பதில்தான் முதல் தட்டு விழும். ஜி ஸ்கேலில் வைத்துக்கொண்டால் முதல் வரியில் 'பர்த்' ஜி, 'யூ' டி. இரண்டாவது வரியில் டி-யிலேயே தொடங்கி 'யூ' வரும்போது ஜி. மூன்றாவது வரி ஜி-யில் தொடங்கி, பிறந்தநாள்காரரின் பெயர் வரும் இடத்தில் சி. கடைசி வரியில் 'பர்த்டே' ஜி, 'டு' டி, 'யூ' ஜி.

மொத்தம் 24 தட்டு, அதில் ஆறு மாற்றம். டெம்போ 100 என்றால் நிமிடத்துக்கு 25. ஆனால் அந்த ஆறும் சமமாகப் பரவியில்லை. முதல் மூன்று வரியும் நிதானம். கடைசி வரியில் மட்டும் சி-யிலிருந்து ஜி, இரண்டு தட்டில் டி, ஒரே தட்டில் மறுபடி ஜி. புதியவர் தடுக்கி விழும் இடம் அதுதான். நல்ல வேளையாக, பெயரைச் சொல்லும் இடத்தில் கூட்டம் எப்போதும் இழுத்துப் பாடும். அந்த இழுவையில் அடுத்த ஜி-க்கு விரலைத் தயார் செய்துகொள்ளலாம். அப்படியும் முடியவில்லை என்றால் 'டு' என்ற இடத்தில் டி-யை விட்டுவிட்டு ஜி-யிலேயே நில்லுங்கள். பாட்டு கெட்டுப்போகாது, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் இதே கண்ணோடு பாருங்கள். தாளம் எத்தனை, எந்த எழுத்தில் முதல் தட்டு விழுகிறது, மாற்றங்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, எந்த மாற்றத்தை விட்டால் பாட்டு தாங்கும். ஐந்து நிமிட வேலை. ஐந்து வார ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

சினிமாப் பாட்டு ஒற்றைக் கிட்டாரில் நிற்குமா?

நம்மில் பெரும்பாலோர் வாசிக்க ஆசைப்படுவது சினிமாப் பாட்டுதான். அதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. வயலின் கூட்டம், புல்லாங்குழல், தபேலா, பேஸ் கிட்டார், கோரஸ் என்று பத்திருபது பேர் சேர்ந்து செய்ததை நீங்கள் ஆறு கம்பியில் செய்யப் போகிறீர்கள். பாட்டு தொடங்கும் முன்னிசையும் சரணத்துக்கு முன் வரும் இடையிசையும் நம் மனதில் பாட்டின் பாகமாகவே பதிந்திருக்கின்றன. கிட்டாரில் அவை இல்லாமல் ஆரம்பித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல், தொடையில் தாளம் தட்டி, பல்லவியை மட்டும் பாடிப் பாருங்கள். அதுவே கேட்க நன்றாக இருக்கிறதா? இருந்தால் கிட்டாரிலும் நிற்கும். பாடி முடித்ததும், "இந்த இடத்தில் வயலின் வரும், அப்புறம் ஒரு பீட் இறங்கும்" என்று விளக்க வேண்டியிருந்தால், அந்தப் பாட்டின் அழகு வாத்திய அமைப்பில் இருக்கிறது. அது குறையில்லை, ஆனால் உங்கள் முதல் பாட்டாக அது வேண்டாம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் குணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மீட்டிய கார்டு சில நொடிகளில் அடங்கிவிடும். வயலின் மாதிரி இழுத்துப் பிடிக்க அதனால் முடியாது. ஆகவே சொற்கள் நெருக்கமாக வந்துகொண்டே இருக்கும் பாட்டுகள் கிட்டாருக்கு நன்றாகப் பொருந்தும், ஸ்ட்ரம்மிங்கும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். ஒரு சொல்லைப் பாடிவிட்டு நீண்ட இடைவெளி விடும் பாட்டில் அந்த வெற்றிடத்தை நீங்களே நிரப்ப வேண்டியிருக்கும். கார்டைப் பிரித்து, கம்பி கம்பியாக மீட்டும் ஆர்பெஜியோ அதற்குத் தேவைப்படும். வலது கை விரல்கள் தனித்தனியாகப் பேசப் பழக வேண்டும்.

தமிழில் கிட்டார் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. அதில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார் கேட்கக் கேட்கத் தெவிட்டாதது. ஆனால் அந்தக் கிட்டார் தேர்ந்த ஒரு கலைஞரின் விரல் வேலை, அதைக் கார்டும் ஸ்ட்ரம்மிங்குமாகச் சுருக்கினால் எதற்காக அந்தப் பாட்டை விரும்பினோமோ அதுவே போய்விடும். இப்படிப்பட்ட பாட்டை ஓர் இலக்காகச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். இப்போது எடுக்க வேண்டாம். நம் ஊரில் கிட்டாரைக் கீழே வைத்தவர்களில் பாதிப் பேராவது இந்த வகைப் பாட்டில் தொடங்கியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. சினிமாப் பாட்டில் பல்லவியும் சரணமும் பல நேரம் இரண்டு தனி உலகம். பல்லவி நான்கு கார்டில் சுற்றிக்கொண்டிருக்கும், சரணம் எங்கோ தாவிப் போய், சுற்றி, திரும்பி வரும். பல்லவியை மட்டும் பார்த்து எளிது என்று முடிவு செய்யாதீர்கள். அதேபோல, சரணம் கடினம் என்பதற்காகப் பாட்டையே ஒதுக்கவும் வேண்டாம். பல்லவியை மட்டும் இரண்டு தடவை பாடி நிறுத்துவதில் தப்பே இல்லை. நண்பர்கள் கூடுகிற இடத்தில் பெரும்பாலும் யாருக்கும் சரணத்தின் வரிகள் நினைவில் இருப்பதில்லை.

ராகம் கொடுக்கும் துப்பு

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பாட்டு எந்த ராகத்தைத் தழுவியது என்று தெரிந்தால், அதில் எந்தெந்தக் கார்டு வரக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். கார்டு என்பது ராகத்தின் சுரங்களிலிருந்தே எடுத்து அடுக்கியதுதானே.

சங்கராபரணம் என்பது மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்களேதான். ஜி-யைச் சட்ஜமாக வைத்தால் ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நடபைரவி இயற்கையான மைனர் ஸ்கேல். ஈ மைனரில் வைத்தால் ஈ மைனர், சி, டி, ஜி, ஏ மைனர். ஏற்கெனவே தெரிந்த அதே கார்டுகள், பாட்டு வந்து அமரும் வீட்டுக் கார்டு மட்டும் வேறு. கீரவாணியில் நிஷாதம் ஏறியிருக்கும், அதை ஏ மைனரில் வைத்தால் ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர் என்று அழகாக மூன்று கார்டில் உட்காரும். கரகரப்பிரியாவை ஈ-யில் வைத்தால் ஈ மைனரும் ஏ மேஜரும் மாறி மாறி வந்தாலே பாதிப் பாட்டு ஓடிவிடும்.

மோகனத்தில் ஐந்தே சுரம். ஜி-யில் வைத்தால் ஜி மேஜரும் ஈ மைனரும் முழுக்க அந்த ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில், மூன்று தட்டுத் தாளத்தில் அமைந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து காதில் இருக்கும் அந்த மெட்டை மனதுக்குள் ஓடவிட்டாலே மோகனத்தின் குணம் பிடிபட்டுவிடும். மோகனத்தைத் தழுவிய மெல்லிசைப் பாட்டுகள் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றவை என்பது என் எண்ணம். எங்கே கைவைத்தாலும் உறுத்தாது.

மாயாமாளவகௌளை அப்படியில்லை. சட்ஜமும் ரிஷபமும் அரைச் சுர இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஈ-யில் வைத்தாலும் பக்கத்திலேயே எஃப் வந்து நிற்கும். பார் கார்டு பழகும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். கமகம் நிறைந்த, தோடி பைரவி சாயல் உள்ள பாட்டுகளும் கார்டுக்குப் பிடிகொடுக்காதவை. ராகத்தின் உயிர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் அசைவில் இருக்கும்போது, அடியில் அசையாமல் நிற்கும் கார்டு அதற்கு இடைஞ்சலாகிவிடும். கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னா போன்ற கலைஞர்கள் இருக்கிறார்கள். அது வேறு பயிற்சி, வேறு வழி.

ஒன்றை மறக்க வேண்டாம். சினிமா மெட்டில் அன்னிய சுரங்கள், அதாவது ராகத்தில் இல்லாத சுரங்கள், தாராளமாக வரும். ராகத்தை முதல் ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைக் காதிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் குரல் எத்தனை கட்டை?

கை சரியாக வந்தபிறகும் பாட்டு சுகப்படாமல் போவதற்கு இன்னொரு காரணம் தொண்டை. பாடகர் பாடிய அதே சுருதியில் நாமும் பாட வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் கார்டுத் தாள் பெரும்பாலும் மூலப் பாட்டின் சுருதியிலேயே இருக்கும், நாமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு சரணத்தில் கத்துவோம்.

சுருதிப் பெட்டியில் கட்டை என்று சொல்வதும் கிட்டாரில் எழுத்தால் சொல்வதும் ஒன்றுதான். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப் (சி-யைவிட அரைச் சுரம் மேலே), ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கச்சேரிகளில் ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையிலும் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் யாராவது பாட்டுக் கற்றிருந்தால் உங்கள் கட்டை என்ன என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சுருதியை மாற்றினால் கார்டும் மாறுமே, ஒன்றரைக் கட்டைக்குப் போனால் எல்லாம் பார் கார்டாகிவிடுமே என்ற கவலைக்குத்தான் கேப்போ இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் ஒரு ஃபிரெட்டில் மாட்டும் கவ்வி அது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச் சுரம், அதாவது அரைக் கட்டை ஏற்றம் (ஈ-எஃப், பி-சி இடையில் மட்டும் அரைச் சுரமே ஒரு முழுக் கட்டை). முதல் ஃபிரெட்டில் மாட்டி சி வடிவத்தில் வாசித்தால் ஒலிப்பது சி ஷார்ப். இரண்டாவதில் மாட்டி ஜி வடிவத்தில் வாசித்தால் ஏ, ஏ மைனர் வடிவத்தில் வாசித்தால் பி மைனர். தெரிந்த ஐந்தாறு கார்டோடு எந்தச் சுருதிக்கும் போய்விடலாம். கேப்போ மாட்டுவதைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டை ஏழாவது ஃபிரெட்டில் கேப்போ மாட்டித்தான் வாசித்தார். ஆனால் மேலே போகப் போக ஒலி மெலிந்து, மாண்டலின் பக்கம் நகரும். நிறைவான சத்தம் வேண்டுமென்றால் ஐந்தாவது ஃபிரெட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பாட்டு உங்கள் தொண்டைக்குச் சரிவருமா என்று பார்க்க, பல்லவியில் தொடங்காதீர்கள். பாட்டிலேயே உயரமான வரியைக் கண்டுபிடித்து அதை முதலில் பாடுங்கள். பெரும்பாலும் அது சரணத்தின் நடுவில் இருக்கும். அது வலியில்லாமல் வருகிற சுருதியே உங்கள் சுருதி. பிறகு மிகத் தாழ்ந்த வரி கேட்கிறதா என்று பாருங்கள். பிறந்தநாள் பாட்டில் இது எளிது. மந்தரப் பஞ்சமத்தில் தொடங்கி, மூன்றாவது வரியில் மத்திய பஞ்சமம்வரை ஏறும், மொத்தம் ஒரே ஒரு ஸ்தாயி. எல்லாரும் பாட முடிகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாலா, ஆறா?

வகுப்பில் முதலில் சொல்லித்தரும் ஸ்ட்ரம்மிங் பெரும்பாலும் நான்கு தட்டுத் தாளத்துக்கானது. அதை எல்லாப் பாட்டிலும் போட்டுப் பார்த்து, ஏன் ஒட்டவில்லை என்று குழம்புவார்கள். நம் தெம்மாங்கும் தாலாட்டும் டப்பாங்குத்தும் பெரும்பாலும் ஆறில் ஓடுபவை. ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு என்று எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தினால் பாட்டு தானாக ஆட ஆரம்பிக்கும். பாட்டை முடிவு செய்யும் முன் கைதட்டி எண்ணிப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த ஸ்ட்ரம்மிங் அதில் உட்காருகிறதா என்று.

ஆறில் பழக ஒரு நல்ல பாட்டு, இலங்கையிலிருந்து ஏ. இ. மனோகரன் பாடி நம் எல்லோருக்கும் தெரிந்த 'சுராங்கனி'. அது இலங்கையின் பைலா என்ற ஆட்டப்பாட்டு வகை, பைலா இசை ஆறு தட்டில் துள்ளுவது. மூன்று கார்டுக்குள் அடங்கிவிடும், திரும்பத் திரும்ப வரும் வரி, உயரமான இடமென்று எதுவுமில்லை. சுற்றுலாப் பேருந்தில் பின் சீட்டில் உட்கார்ந்து வாசித்தால் மற்றதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். கூட்டத்தோடு பாடும் பாட்டு புதியவருக்கு இன்னொரு விதத்தில் உதவி. ஒரு கார்டு தப்பினாலும் பாட்டு நிற்காது, அடுத்த தட்டில் ஏறிக்கொள்ளலாம்.

தாளில் இருப்பதை நம்பலாமா?

இணையத்தில் கிடைக்கும் கார்டுத் தாள்களில் நிறையத் தப்பு உண்டு. யாரோ ஆர்வத்தில் காதால் கேட்டு எழுதியவை அவை. ஒரே பாட்டுக்கு மூன்று தாள், மூன்றும் வெவ்வேறு என்று பார்க்கலாம். தாளில் பார் கார்டுகளாக அடுக்கியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான தளங்களில் சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கும். ஜி வரும்வரை தட்டி, கேப்போ எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியா என்று தெரிந்துகொள்ள யூடியூபில் பாட்டின் வேகத்தை 0.75 ஆக்கிவிட்டுக் கூடவே மீட்டிப் பாருங்கள். வேகம் குறைந்தாலும் சுருதி மாறாது. முதலில் பல்லவி முடிந்து மெட்டு வந்து அமரும் கடைசி எழுத்துக்கு மட்டும் கார்டு தேடுங்கள். ஜி, ஈ மைனர், சி என்று ஒவ்வொன்றாக அந்த எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஒன்று வைத்தவுடன் பாட்டு முடிந்துவிட்டது போல இருக்கும், மற்றவற்றில் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தொக்கி நிற்கும். முடிந்த மாதிரி இருப்பதுதான் அந்தப் பாட்டின் வீட்டுக் கார்டு. அது தாளில் உள்ளதோடு ஒத்துப்போனால் மீதியையும் நம்பி ஆரம்பிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் வேறு தாளைத் தேடுங்கள்.